வெள்ளிக்கிழமைக்காரர்

எங்கள் ராயபுரத்தில் குதிரை அதிகம் கிடையாது. ஜட்கா வண்டிகள் என் சிறு வயதிலேயே அருகிவிட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டும் எலும்பும் தோலுமாய் ரயில் நிலையத்து வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். 1856-ல் தென்னாட்டின் முதல் பயணி ரயில் புறப்பட்ட நிலையம் என்ற பெருமை அந்தக் கட்டடத்துக்கு உண்டு. ஜட்காக்காரருக்கு அதனால் சவாரி கிடைத்ததில்லை. ஆகவே, குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடவும் ஓடும் என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது சினிமாவில்தான். அதன்மேல் தொப்பியும் துப்பாக்கியுமாய் உட்கார்ந்திருந்தவர் ஜெய்சங்கர்.

என்னை அழைத்துப் போனவர் மாமா, அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. என் தகப்பனார் துறைமுகத்துக் குமாஸ்தா. சினிமாவை அவர் செலவுக் கணக்கில் எழுதுகிறவர். மாமாவுக்கு அது வரவு. சம்பளம் வாங்கிய வாரத்துச் சனிக்கிழமை ராத்திரி, கையை எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத எண்ணெய் வாசனையோடு வந்து, "கிளம்புடா" என்பார். தண்டையார்பேட்டை அகஸ்தியா, வண்ணாரப்பேட்டை மகாராணி எல்லாம் அவருக்குப் பெரிய இடங்கள். எம்.ஜி.ஆர். படத்துக்குத்தான் அங்கே போவார். ஜெய்சங்கர் படத்துக்கென்று ஒரு சின்னக் கொட்டகை வைத்திருந்தார். தகரக் கூரை, மூட்டைப்பூச்சி பெஞ்சு, இடைவேளையில் முறுக்கு.

ஜெய்சங்கர் திரைக்கு வந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு அவரிடம் அனுதாபம் உண்டாகிறது. 1965 பொங்கல். எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஒரு பக்கம், சிவாஜியின் 'பழநி' ஒரு பக்கம். நடுவில், ஜோசப் தளியத் எடுத்த 'இரவும் பகலும்'. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வந்தவர் அவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாதையிலேயே நடந்துவிட்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' மாதிரியான படங்களால் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்ற பட்டம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு படம் வந்துகொண்டிருந்ததால் 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றும் சொன்னார்கள். முதல் பட்டம் புகழ்ச்சி. இரண்டாவதில் கொஞ்சம் கேலி உண்டு என்றுதான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். மாமா அப்படி எண்ணவில்லை. "வாரா வாரம் வேலை இருக்குதுன்னா சும்மாவா?" என்பார்.

குதிரைப் படங்களுக்கு வருகிறேன். 'காலம் வெல்லும்' 1970-ல் வந்தது; 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் 1972-ல்; 'எங்க பாட்டன் சொத்து' 1975-ல். எல்லாம் கர்ணன் இயக்கியவை. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர் அவர். காமிராக்காரர் கண்ணுக்குத்தான் ஒன்று தெரியும்: சூரியன் வாடகை கேட்பதில்லை. அரண்மனை செட் வேண்டாம், மாளிகை வேண்டாம். ஒரு பொட்டல், நாலு பாறை, சில குதிரைகள், அப்பனைக் கொன்றவனைத் தேடிப் போகும் ஒரு மகன். படம் முடிந்துவிடும்.

இந்தச் சிக்கனம் நம்மவர் கண்டுபிடிப்பல்ல. ஜப்பானில் குரோசாவா 1961-ல் எடுத்த 'யோஜிம்போ'வின் கதையைத்தான் செர்ஜியோ லியோனி 1964-ல் 'எ ஃபிஸ்ட்புல் ஆஃப் டாலர்ஸ்' என்று எடுத்தார். எடுத்தது இத்தாலியர், காட்டியது அமெரிக்கா, பொட்டல் ஸ்பெயின் தேசத்து அல்மேரியா. கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு அதில் சம்பளம் 15,000 டாலர். மலிவான ஆள் என்றுதான் அவரைப் பிடித்தார்கள். ஜப்பானில் வாளாக இருந்தது இத்தாலியில் துப்பாக்கியாயிற்று. கோடம்பாக்கம் வந்து சேரும்போது துப்பாக்கியோடு டூயட்டும் சேர்ந்துகொண்டது. பாலைவனத்தில் ஒருத்தி எங்கிருந்து பட்டுப் பாவாடையோடு வந்தாள் என்று எங்கள் கொட்டகையில் எவரும் கேட்டதில்லை. எப்படியோ வந்துவிட்டாள் பாவம், இரண்டு அடி ஆடிவிட்டுப் போகட்டும்.

நான் கல்லூரிக்குப் போனேன். மவுண்ட் ரோடில் அசல் ஆங்கிலப் படங்களைப் பார்த்தேன். அசலைப் பார்த்தவனுக்கு நகலின் மேல் வருகிற கோபம் சாமானியமானதல்ல. நேற்று வரை அதற்குக் கைதட்டியவன் தானே என்ற வெட்கமும் அதில் கலந்திருக்கிறது. 1979-ல் ஒரு பத்திரிகையில் நான் எழுதிய ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று இந்தப் படங்களைப் பற்றியது. கௌபாய் பாய்ந்து போகும் காட்சியில் பின்னால் மின்சாரக் கம்பி தெரிந்ததையும், அமெரிக்கத் தொப்பிக்காரன் பண்ணையாரிடம் செந்தமிழில் சவால் விட்டதையும் சொல்லி நன்றாகச் சிரித்திருந்தேன். சிநேகிதர்கள் பாராட்டினார்கள். மாமா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் பெயர் அச்சில் வந்த பெருமை அவருக்கு. ஒரு வாரம் கழித்து, காசிமேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது சொன்னார்:

"நீ எழுதினது எல்லாம் சரிதான்டா. கம்பியை நானும் பார்த்தேன். ஆனா அந்த ஆளு வெயில்ல நின்னாரு இல்ல?"

அடுத்த வருஷம் மாமாவின் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. எண்ணூர் வரை சைக்கிளிலேயே போய் ஒவ்வொரு கேட்டிலும் விசாரித்தார். லேத்துக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் காவல்காரர் வேலை இருப்பதாக என் தகப்பனார் சொன்னதற்கு, "கேட் திறந்து விடறதுக்கா இருபத்தஞ்சு வருஷம் வேலை கத்துக்கிட்டேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்த 1980 டிசம்பரில்தான் ஏவி.எம்.மின் 'முரட்டுக்காளை' வெளிவந்தது. ரஜினிகாந்த் கதாநாயகன், ஜெய்சங்கர் வில்லன். பொங்கல் சமயத்தில் மாமாவை நான் அழைத்துப் போனேன்; முதல் தடவையாக டிக்கெட் என் காசு. பதினைந்து வருஷம் அடித்துக்கொண்டிருந்தவர் இப்போது அடி வாங்குகிறார். கொட்டகை முழுவதும் விசில். மாமா பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன், "என்ன மாமா, கஷ்டமா இருந்துதா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அடி வாங்கறதையும் இன்னா ஒழுங்கா வாங்கறான் பாத்தியா" என்றார்.

அமெரிக்காவில் ஜான் வெய்ன் என்பவர் 1930-ல் ஒரு பெரிய படம் தோற்ற பிறகு, சில்லறைக் கம்பெனிகளின் குதிரைப் படங்களிலேயே காலம் தள்ளினார். 1939-ல் 'ஸ்டேஜ்கோச்' வந்து அவரைத் தூக்கிவிட்டது. நம் மனிதருக்கு ஸ்டேஜ்கோச் வரவில்லை. வில்லன் வேஷம்தான் வந்தது. பிறகு அப்பா வேஷம், அதிகாரி வேஷம். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்தபோது பத்திரிகைக்காரராக வந்தார். எதற்கும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்பட்டவர் பெரியவரோ லைட் தூக்குகிறவரோ, தாமே முந்திக்கொண்டு "ஹாய்" என்பார் என்று கூட வேலை செய்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 2000-ம் வருஷம் ஜூன் 3-ம் தேதி காலமானார். பத்து வருஷம் கழித்துச் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்று அந்தக் குதிரைப் படங்களை வைத்தே ஒரு வேடிக்கைப் படம் எடுத்தார். அதில் வரும் ஊர் ஒன்றின் பெயர் ஜெய்சங்கர்புரம். நான் 1979-ல் சிரித்த அதே விஷயங்களுக்குத்தான் அவரும் சிரிக்கிறார்; ஆனால் அதில் பிரியம் இருந்தது. அப்படிச் சிரிக்க எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. பெரிய இடமான அகஸ்தியாவையே 2020-ல் மூடிவிட்டார்கள். எங்கள் தகரக் கொட்டகை அதற்கு வெகு முன்பே போயிற்று.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. படம் பார்த்த இரண்டு வாரத்துக்குள் அவர் அந்தக் கிடங்கு வேலையில் சேர்ந்துவிட்டார். படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல மாட்டேன். நாவல் எழுதுகிறவன் அப்படி முடிச்சுப் போடுவான். வீட்டில் அரிசி தீர்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். காக்கி உடுப்பு, காக்கித் தொப்பி. லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். எனக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மாமா தொப்பியை ஒரு விரலால் கொஞ்சம் சாய்த்துவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "ஹாய்!" என்றார்.