சுந்தரானந்தரின் தச்சுப்பணி: தொடக்கத்தைத் தேடி

மரவேலையைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்தின்பேரில் வீட்டிலேயே செய்வோர் பல நாடுகளிலும் மதித்துப் படிக்கும் நூல்களுள் ஒன்று, ஜார்ஜ் நகஷிமா எழுதி 1981இல் வெளிவந்த ‘தி சோல் ஆஃப் எ ட்ரீ’. அளவுகள் தந்து நாற்காலி செய்யக் கற்பிக்கும் வகையைச் சேர்ந்ததன்று அது. அடிமரத்தை எவ்வாறு அறுத்தால் ரேகை, அதாவது மரத்தின் நார்கள் வளர்ச்சியின்போது இட்டுச்சென்ற கோலம், நன்கு வெளிப்படும் என்பது முதல், அறுத்த பலகைகளை வரிசை குலையாமல் அடுக்கி ஆண்டுக்கணக்கில் உலரவிடுவது வரை, செய்பவனைவிட மரத்தை முன்னிறுத்திப் பேசுவது. இந்நோக்கின் தொடக்கத்தைத் தேடுவோர் ஜப்பானையும், 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்றான மினிடோகாவையும் சுட்டுவது வழக்கம். அம்முகாமில் கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் அவர் பயின்றதும் உண்மையே. ஆயினும் அதற்கு முந்திய சுவடு வங்கக் கடலோர ஊரான மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் அமைந்த புதுச்சேரியில் இருப்பதால், தேடல் இங்கு வந்தே ஆகவேண்டும்.

1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்து, வனவியலில் தொடங்கிக் கட்டடக்கலைக்கு மாறி, தோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றிய நகஷிமா, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பொறுப்பேற்று 1937இல் புதுச்சேரிக்கு வந்தார். கம்பி வலுவூட்டிய கான்கிரீட்டால் எழுந்த அக்கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதும், திருப்பி மூடத்தக்க கிடைமட்டச் சட்டங்களால் ஆனது. உள்ளே, காற்றை விட்டுப் பார்வையை மட்டும் மறிக்கும் தேக்கு இழுகதவுகள். இவ்விடுதிக்காகத்தான் அவர் முதன்முதலில் மரச்சாமான்களை வடிவமைத்தார். ஊதியத்தைத் துறந்து ஆசிரமவாசியானார். அழகில் மகிழ்பவர் என்னும் பொருள்பட அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். பலன் கருதாது உழைப்பையே வழிபாடாக்கும் கர்மயோகம் என்ற கருத்தை 1939இல் இங்கிருந்து புறப்பட்டபோது அவர் உடன் கொண்டுசென்றார் என்பதும், நூலின் தொனிக்கு ஹிகோகாவாவிடம் கற்ற உளிநுட்பத்தைவிட அதுவே ஆழமான காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

உப்புக்காற்று இரும்பை அரிக்கும் இக்கரையில் மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உப்பளத்தில் விளைந்த உப்பை வாரிக் குவிப்பது நீண்ட பிடி பொருத்திய மரப்பலகை. கட்டுமரமோ ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்படுவது. மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில், அலைகள் ஒதுக்கிய மணமரத்தை நுளையர் குடிப்பெண் விறகாக எரித்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. மரம் தொலைவிலிருந்து வந்துசேரும் கரையாகவே இது நெடுங்காலம் இருந்திருக்கிறது.

நம் தச்சர்கள் வைரம் எனப்படும் உள்மரத்தை வைத்துக்கொண்டு, பூச்சி அரிக்கும் என்பதால் வெளிறு எனப்படும் புறமரத்தைச் செதுக்கித் தள்ளுவர். நகஷிமாவோ வெளிறோடு கூடிய இயல்பான விளிம்பை மேசைப்பலகையில் அப்படியே விட்டார். வெடிப்பை மறைக்காமல், அது மேலும் விரியாதபடி வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்தார். கறையானும் ஈரமும் மிகுந்த இக்கடற்கரையில் அவருடைய இவ்விரு வழக்கங்களுள் முதலாவதைப் பின்பற்றுவது பலகைக்கு நல்லதன்று எனினும், இரண்டாவது எங்கும் பின்பற்றத் தக்கது: பயனற்றதென்று ஒதுக்கப்படும் எத்தனையோ நல்ல பலகைகளை அது காக்கும்.

1943இல் ரேமண்டின் முயற்சியால் முகாமிலிருந்து விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்த அவர், 1964இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பட்டறையில் அவருடைய வடிவங்கள் சாமான்களாயின. 1990இல் அவர் மறைந்தார். கோல்கொண்டே இன்றும் ஆசிரமத்தின் விடுதியாகவே இயங்குகிறது.