கேளாத யோசனை

எழுத்தாளனாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் வேண்டுமா, பிரிவுபசார விழாவுக்கு வாழ்த்து மடல் வேண்டுமா, வீட்டுக்காரருக்குக் கோபமாகவும் மரியாதையாகவும் ஒரு கடிதம் வேண்டுமா, உடனே நம்மைத்தான் தேடுவார்கள். "நீங்கதான் எழுதறவராச்சே!" என்று யாராவது ஆரம்பித்தாலே நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்வலி என்று சொல்வது வழக்கம். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவே போய்த் தலையைக் கொடுத்தேன்.

என் தங்கை மகள், முறைப்படி சொன்னால் மருமகள், மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறாள். கடை என்று ஒன்றும் கிடையாது. வீட்டு முன்னறையில் இரண்டு பீரோ, ஒரு தராசு, ஒரு கைப்பேசி, இணையத்தில் ஒரு பக்கம். புள்ளி கட்டித் தருகிறவர்கள் நாலைந்து பெண்கள். துணியை மடித்து, கோடு பிடித்து, நக நுனியால் துளியூண்டு கிள்ளித் தூக்கி, நூலால் இறுகச் சுற்றி ஒரு முடிச்சு. இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால், நூல் காத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவர்களில் மூத்தவளுக்கு அறுபது வயதிருக்கும். ஆர்டர் வந்தால் அவளுக்குக் கூலி; வராத வாரம் கிடையாது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் மறந்துவிட்டேன்.

அந்த இணையப் பக்கத்துக்கு வேண்டிய வாசகத்தை அவளே எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன். கையால் கட்டிய புள்ளியையும் அச்சில் போட்ட புள்ளியையும் எப்படிக் கண்டுபிடிப்பது, புதுச் சேலையை முதல் தடவை ஏன் தனியாக நனைக்க வேண்டும், சாயம் போகுமா போகாதா, ஒரு புள்ளி பெரிதாகவும் பக்கத்துப் புள்ளி சிறிதாகவும் இருந்தால் அது ஏன் குற்றமில்லை - இவ்வளவையும் கடைக்கு வந்த அம்மாளிடம் பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் ஒற்று மிகவில்லை. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"இதை நான் கொஞ்சம் செப்பனிட்டுத் தரட்டுமா?" என்றேன்.

"தாங்க மாமா" என்றாள். பெரியவர்கள் கேட்டால் வேறு என்ன சொல்வாள்?

தேடுபொறிக்கு ஏற்றபடி எழுதுவது என்பது தனிக் கலை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை எப்படிச் செய்வது என்று அந்தத் தேடுபொறியிடமே கேட்டேன். அடாடா! கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதுமா என்று உரக்கக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதைதான். ஒருவர், முக்கியமான சொல் நூற்றுக்கு இரண்டு தரம் வர வேண்டும் என்றார். இன்னொருவர் மூன்று என்றார். மூன்றாமவர் ஐந்துக்குக் குறைந்தால் மோட்சமில்லை என்றார். அந்த முக்கியமான சொல்லுக்குக் 'கீவேர்ட்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் கீவேர்டுகளை வரிசையாக அடுக்கி வைக்கச் சொன்னார் ஒருவர். இரண்டாயிரம் வார்த்தைக்குக் குறைந்த பக்கத்தைக் கூகுள் ஏறிட்டும் பார்க்காது என்றார் மற்றொருவர். எல்லாருமே ஆணித்தரமாகப் பேசினார்கள். நாவலாசிரியனுக்கு ஆணித்தரம் என்றால் ஒரு மயக்கம்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். "மதுரைச் சுங்குடிச் சேலை வாங்க விரும்புவோர், மதுரையின் சிறந்த மதுரைச் சுங்குடிச் சேலைகளை, மதுரைச் சுங்குடிச் சேலை விலையில்" என்று போயிற்று அந்தக் காவியம். யமகம் பாடிய புலவர்கள்கூட ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னால் பொருளையாவது மாற்றினார்கள். நான் அதையும் செய்யவில்லை. அப்பளம் எண்ணுகிற பாட்டி மாதிரி விரல் விட்டு எண்ணினேன், நூற்றுக்கு மூன்று. சாயம் போகுமா என்ற பகுதியைச் சில்லறை விஷயம் என்று எடுத்தே விட்டேன். மறைவான மூலையில் நாற்பது கீவேர்டுகளைக் கொட்டி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மதுரைக்குப் போனபோது பீரோ நிறையச் சேலை இருந்தது. வியாபாரிகள் வீட்டில் அது நல்ல சகுனமில்லை. வருகிற விசாரணைகள் பாதியாகிவிட்டன என்று தங்கை சொன்னாள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அந்த மூத்த பெண்மணி வந்து, "கட்டுறதுக்குத் துணி இருக்காம்மா?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய்விட்டாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆசாமி டெலிபோனில் கூப்பிட்டு, முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் கூகுளில் முதல் பக்கத்தில் முதல் வரியில் வரவைக்கிறேன், கியாரண்டி என்று சொல்லியிருக்கிறார். தங்கை தன் வளையலை அடகு வைக்கத் தயாராக இருந்தாள்.

"மாமா, நீங்க பார்த்த யோசனையெல்லாம் யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள் மருமகள். கோபம் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்.

பார்க்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

பாதிக்கு மேல் தேதியே இல்லை. மருந்துக் கடையில் தேதி அழிந்த மாத்திரை கொடுத்தால் சண்டைக்குப் போகிறோம். யோசனையில் மட்டும் கேட்பதில்லை. மறைவான மூலையில் கீவேர்ட் அடுக்கும் வித்தையை வரிசைப்படுத்துவதற்குத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-லேயே பகிரங்கமாக அறிவித்துவிட்டது. என் நாற்பது சொற்களும் யாரும் குடியில்லாத வீட்டுக்குப் போட்ட கடிதம். 2011-இல் 'பாண்டா' என்று ஒரு மாற்றம் செய்து சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளினார்கள். 2012-இல் 'பெங்குவின்' வந்து, காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளையும் கீவேர்ட் திணிப்பையும் கவனித்துக்கொண்டது. அதற்கு முன் எழுதிய யோசனை நாணா, அணாக் காலத்து விலைப்பட்டியல் போலத்தான். 'எல்.எஸ்.ஐ. கீவேர்ட்' என்று சாஸ்திரப் பெயர் சொல்லிப் பயமுறுத்தியவர்களும் உண்டு. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கூகுள்காரரான ஜான் முல்லர் 2019-இல் சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரம் வார்த்தைக்காரரின் பக்கத்தை இந்தத் தடவை அடி வரைக்கும் படித்தேன். அடியில் விலைப்பட்டியல் இருந்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் ஸ்தாபனம்! செருப்புக் கடைக்காரர், மனிதனுக்குக் குறைந்தது நாலு கால் வேண்டும் என்று அபிப்பிராயப்பட்ட மாதிரி. அவர் ஆதாரமும் காட்டியிருந்தார்: முதலிடத்தில் உள்ள பக்கங்களை அளந்தாராம், அவை நீளமாக இருந்தனவாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. முதலிடத்தில் இருக்கிறவர்கள் பழைய பெரிய ஸ்தாபனங்கள். ஆள் வைத்து எழுதுகிறார்கள், அதனால் நீளம். குட்டையான பக்கங்கள் எத்தனை மேலே இருந்தன என்று அவர் எண்ணவில்லை. நூற்றுக்கு இரண்டு, மூன்று விவகாரத்தையும் துருவினேன். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மற்றொருவரை. கடைசி ஆள் "வல்லுநர்கள் சொல்கிறார்கள்" என்று முடித்துவிட்டார். ஐந்து இடங்களில் ஒரே உதாரணம், ஒரே அச்சுப்பிழையோடு. ஐந்து சாட்சி என்று நான் நினைத்தது ஒரே சாட்சியின் ஐந்து சட்டைகள்.

கூகுளே ஆரம்பக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இலவசம். அதை நான் முதலில் ஏன் படிக்கவில்லை என்றால், அதில் பரபரப்பு இல்லை. இத்தனை வார்த்தை வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது, ஒரே சொல்லைத் திணிப்பது விதிக்கு விரோதம், படிக்கிறவருக்குப் பயன்படும்படி எழுதுங்கள். முதலிடத்துக்கு எவராலும் கியாரண்டி தர முடியாது என்பதையும் அவர்கள் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியைத் தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வளையல் தப்பியது.

அதற்காகக் கூகுள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. வரிசைப்படுத்துவதில் ஜனங்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்ற கணக்குக்கு அவ்வளவு இடமில்லை என்கிற தோரணையிலேயே வருஷக்கணக்காகப் பேசி வந்தார்கள். 2023-இல் அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கில் அந்த ஸ்தாபனத்து அதிகாரி பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது, சொடுக்குகளை வைத்து வேலை செய்யும் 'நேவ்பூஸ்ட்' என்ற ஏற்பாடு வெளியே வந்தது. மறு வருஷமே அவர்களுடைய உள் ஆவணங்கள் சில கசிந்தன. ஆகவே, செய்யாதே என்று அவர்கள் சொல்வதை நம்பலாம், தண்டிப்பவர்கள் அவர்கள்தாமே. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. யந்திரமும் நம்மைப் போல ஏமாறுகிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. 2024 மே மாதத்தில், பீட்ஸாவின் மேல் பாலாடைக்கட்டி ஒட்டவில்லை என்று கேட்டவருக்குக் கொஞ்சம் பசை சேர்க்கும்படி கூகுளின் ஏ.ஐ. பதில் சொல்லிற்று. யாரோ ஒரு குறும்புக்காரர் பல வருஷங்களுக்கு முன் வேடிக்கையாக எழுதிய வரி அதற்கு மூலம்!

மறுநாள் காலை மருமகள் தன் மடிக்கணினியைத் திறந்து 'சர்ச் கன்ஸோல்' என்ற ஒன்றைக் காட்டினாள். அதுவும் இலவசம். நம் பக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொற்களைப் போட்டுத் தேடி வந்தார்கள் என்று அதில் தெரியும். என் கைங்கரியத்துக்கு முந்திய மாதங்களைப் பார்த்தேன். "சுங்குடி சேலை சாயம் போகுமா." "ஒரிஜினல் சுங்குடி கண்டுபிடிப்பது எப்படி." தமிழிலும், தமிழை ஆங்கில எழுத்தில் கொச்சையாக அடித்தும், இதையேதான் கேட்டிருந்தார்கள். பதில் அவள் எழுதிய பக்கத்தில் இருந்தது. அதைத்தான் நான் சில்லறை விஷயம் என்று எடுத்துவிட்டேன்.

"இதை ஏன் அப்பவே சொல்லலை நீ?"

"நீங்க எழுதறவர். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மாமா."

நாற்பது வருஷமாகப் பத்திரிகை விமர்சகர்கள் எவரும் என்னை இப்படி அடித்ததில்லை.

அவளுடைய பழைய வாசகத்தைத் திரும்பப் போட்டோம். இரண்டு ஒற்றுப் பிழையையும் திருத்துவதோடு என் வேலை முடிந்தது. தலைப்பை மட்டும், உள்ளே இருப்பது என்னவென்று தெரியும்படி அவள் மாற்றினாள். மெல்ல விசாரணைகள் வரத் தொடங்கின. ஐப்பசியில் ஆர்டர்கள் நன்றாகவே வந்தன. என் தப்பைத் திருத்தியதால் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அது தீபாவளி மாதம். பனம்பழத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நானே காக்கையைக் காட்டக் கூடாது.

போன தடவை போனபோது மூத்த பெண்மணி முன்னறையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி கூட இல்லை. மருமகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். என்றைக்கு எதை மாற்றினாள், பிறகு என்ன ஆயிற்று என்று தேதி போட்டுக் குறிப்பு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றிற்று. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் பார்க்கலாம் மாமா. இந்த மாசம் சேலை துவைக்கிற பகுதியை மாத்தியிருக்கேன்."