குனிஞ்சா வலிக்கலை கண்ணு!

ஒரு சின்னக் கேள்வி பாஸ்... உங்க அப்பா கடைசியா எப்போ ‘வலிக்குது’ன்னு வாயைத் திறந்து சொன்னார்? யோசிச்சுக்கிட்டே படிங்க.

எங்கப்பா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட்டும் டேபிள்ல குனிஞ்சே நிக்கிற மனுஷன். அவருக்கு கோயமுத்தூர்ல பைபாஸ் நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துட்டார். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா சொந்தக்காரங்க கூட்டம். கண்டம் தாண்டியாச்சுன்னு நாங்களும் நிம்மதியாயிட்டோம்.

மூணாவது வாரம் லேசா காய்ச்சல். ‘கண்ணு பட்டிருச்சு’ன்னு ஆத்தா மிளகாய் சுத்திப் போட்டாங்க. நான்? மெடிக்கல்ல பாரசிட்டமால் வாங்கிக் கொடுத்துட்டு செமஸ்டருக்குப் படிக்கப் போயிட்டேன். (இன்னிக்கும் உறுத்துறது அதுதான்.)

ஒரு ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன். கட்டில்ல அப்பா இல்லை. சேர்ல உக்காந்து, தையல் மெஷின் மேல தலகாணியை வெச்சு முன்னால சாஞ்சிருந்தார்.

‘‘மல்லாக்கப் படுத்தா நெஞ்சுல குத்துது கண்ணு. மூச்சை இழுத்தாலும் குத்துது. குனிஞ்சா தேவலை.’’

‘‘எத்தனை நாளாப்பா?’’

‘‘நாலு நாளா. உனக்குப் பரீட்சைன்னு...’’

விடிஞ்சதும் ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்தாங்க. இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருந்தது!

இதயத்துக்கு வெளியே பெரிகார்டியம்னு ஒரு மெல்லிய உறை இருக்கு. அதைத் திறந்துதான் ஆபரேஷன். சிலருக்கு, சில வாரம் கழிச்சு, உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்தக் காயம்பட்ட உறை மேல பாயும். உறை அழற்சியாகும், நீர் சேரும், காய்ச்சலடிக்கும். பேரு ‘போஸ்ட் பெரிகார்டியாட்டமி சிண்ட்ரோம்’. பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கிடும். ஆனா, நீர் பெருகி இதயத்தை அமுக்க ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து, ஊசி வெச்சு வெளியே எடுக்கணும். காய்ச்சலுக்குக் காரணம் இதுவா, இல்ல காயத்துல கிருமியான்னு டாக்டர்தான் கண்டுபிடிக்கணும். என் பாரசிட்டமால் கண்டுபிடிக்காது!

நல்லவேளை, அப்பாவுக்கு ஊசி வரைக்கும் போகலை. அழற்சிக்கு ஒரு மாத்திரை, கூடவே கோல்ச்சிசின்னு இன்னொண்ணு. சும்மா அந்தப் பேரை நெட்ல தட்டினேன். வந்து நின்னது யார் தெரியுமா? செங்காந்தள்! நம்ம மாநிலப் பூ. எங்க ஊர்ப் பாஷையில கண்வலிக்கிழங்கு.

எங்க அப்பாரு மூலனூர்ல போடுற வெள்ளாமையே அதுதாங்க. பூ பூக்கிற சீசன்ல விடியக்காலையிலேயே காட்டுக்குப் போய், ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பாங்க. லீவுல நானும் கொட்டாவி விட்டுக்கிட்டே செஞ்சிருக்கேன். விதை ஏற்றுமதிக்குப் போகும். எதுக்குன்னு ஒருநாளும் கேட்டதில்லை. அந்த விதையிலதான் கோல்ச்சிசின் இருக்கு. இத்தாலியில இதய ஆபரேஷன் பண்ணின 360 பேரை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2010-ல வெளியிட்டாங்க. கோல்ச்சிசின் சாப்பிடாதவங்கள்ல 21 சதவிகிதம் பேருக்கு இந்தச் சிக்கல் வந்துச்சு. சாப்பிட்டவங்கள்ல 9 சதவிகிதம்தான்!

உடனே விதையை இடிச்சுக் குடிக்கலாம்னு கிளம்பிடாதீங்க சாமி. விதை, கிழங்கு எல்லாமே கொடிய விஷம். அரை மில்லிகிராம் மாத்திரைக்கே அப்பாவுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயத்தைச் சொன்னதும் அப்பாரு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘ஏங் கண்ணு, மூட்டை மூட்டையாப் போடறோம்... இத்துனூண்டாத் திருப்பித் தர்றானுங்க?’’

அப்பா சிரிச்சுட்டார். குத்தலையாம்.