கம்பத்தில் ஒரு சிவப்பு லைட்

மேனேஜரிடம் லீவு வாங்குவது கஷ்டமா, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவது கஷ்டமா? சந்தேகமென்ன, லீவுதான்! வளைவுக்காவது நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் ஒரு வரையாடு கட்டைச்சுவர் மேல் நின்று, ஆடிட்டர் வவுச்சரைப் பார்ப்பது மாதிரி எங்கள் பஸ்ஸைப் பார்த்தது.

மழைக்காடு என்று கிளம்பினால், கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. 1890-களில் தொடங்கி வெள்ளைக்காரர்கள் வெட்டித் தள்ளியது போக, காடு தீவு தீவாகத்தான் மிச்சம். புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே கட்டிய பாலத்தில் சிங்கவால் குரங்குகள் ஒழுங்காகக் கடக்கின்றன. (நம்ம ஊர் சப்வேயில் மனுஷன் இறங்குவானா?)

ரிசார்ட்டில் இறங்கியதும் வெல்கம் டிரிங்க். எனக்கில்லை சார், அட்டைக்கு! கணுக்காலில் ரத்தம் வழிய ரூமுக்குப் போனேன்.

சாயங்காலம் ரோட்டோரக் கம்பத்தில் சிவப்பு லைட் மினுக்கியது. "பக்கத்துல யானை நிக்குது சார். பார்த்தவங்க செல்போன்ல கூப்பிட்டு லைட்டை எரிய வைப்பாங்க" என்றார் சமையல்கார அண்ணாச்சி.

ஆஹா! நாங்கள் மூன்று பேரும் கேமராவைத் தேடினோம். அண்ணாச்சி தன் போனைத் தேடினார்.

"லைனுக்குப் பக்கத்துலதான் நிக்குதாம். புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. ரேஷன் அரிசி கிடந்தா கிடக்கட்டும், அதுக்குத்தான் வரும். போன தடவை கதவோட போச்சில்ல..."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். "சாருங்களுக்குச் சப்பாத்தியா, தோசையா?"