வச்சிரமும் துருக்கி வில்லும்

வச்சிரம் என்றால் இந்தக் காலப் பிள்ளைகள் வஞ்சிர மீனா என்று கேட்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அது ஆசாரிமார் மரத்தை ஒட்டிய பசை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியை ஊறவைத்து, டப்பாவில் போட்டு, டப்பாவை வெந்நீர்ச் சட்டிக்குள் நிறுத்தி உருக்குவார்கள். நேரே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசைக்குப் பிடிப்பு போய்விடும். நாற்றம் தெருவையே தூக்கும். நான் படித்த பிரெஞ்சில் அதற்கு 'கோல் ஃபோர்த்' என்று பெயர். வலுவான பசை என்று பொருள்.

அந்தப் பசைக்கு எவ்வளவு வலு என்பது, ஓய்வு பெற்ற பிறகு துருக்கி வில்லைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நம் ஊர் மூங்கில் வில் ஒரே பொருளால் ஆனது. துருக்கி வில்லில் மூன்று அடுக்கு. நடுவில் மேப்பிள் மரம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் எருமைக் கொம்புப் பட்டை. இலக்கைப் பார்க்கும் பக்கம் மாட்டுக்கால் நரம்பு. வில்லை வளைக்கும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். கொம்பு நசுக்கலைத் தாங்கும், நரம்பு இழுப்பைத் தாங்கும். அவரவர்க்கு முடிந்த வேலையை அவரவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நரம்பு என்பது தசையை எலும்போடு கட்டும் நார். பாடப்புத்தகத்தில் தசைநாண் என்பார்கள். அந்தச் சொல்லிலேயே வில்லின் நாண் இருக்கிறது, பாருங்கள். அதைக் காயவைத்து, தட்டி, நார் நாராகப் பிரித்து, சீப்பால் வாரி, பசையில் தோய்த்து மரத்தின் மேல் படிய வைப்பார்கள். அந்தப் பசையும் நரம்பைக் காய்ச்சியதுதான். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும் அதில் சேரும். கொம்பு நழுவாமல் பிடிக்க, கொம்பிலும் மரத்திலும் பல் பல்லாகக் கோடு கீறிக்கொள்வார்கள். பிறகு வில்லை எதிர்ப்பக்கமாக வளைத்துக் கட்டி, மாதக்கணக்கில் காயவிட வேண்டும். நரம்பு காயக் காயச் சுருங்கி வில்லை இன்னும் இறுக்கும். அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இந்த வில்லுக்கு ஒரே எதிரி ஈரம். அதனால்தான் மேலே தோலோ மரப்பட்டையோ ஒட்டி, மெருகெண்ணெய் பூசினார்கள். முகலாயர் காலத்தில் நம் நாட்டிலும் இவ்வகை வில் இருந்தது. மழைக்காலத்துக்குப் பயப்படாத எஃகு வில்லையும் இங்கே செய்தார்கள்.

1790-களில் லண்டனில் இருந்த துருக்கித் தூதரின் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி, இங்கிலீஷ்காரர் முன்னிலையில் 482 கஜம், அதாவது சுமார் 440 மீட்டர், அம்பு எய்து காட்டினார். அவர் படைத் தளபதி அல்ல, என்னைப் போலக் காகிதம் எழுதிய மனிதர். படித்ததும் எனக்குச் சிறு பெருமை!

துப்பாக்கி வந்தபின் போரில் வில்லுக்கு வேலை இல்லை. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் இந்தக் கலையில் பிரியம் உள்ளவர். அவர் சொல்லி முஸ்தபா கானி என்பவர் வில்லும் அம்பும் செய்யும் முறையை நூலாக எழுதினார். 1836-இல் அதை எழுதி முடித்தார். மூன்றே ஆண்டில் சுல்தான் காலமானார். பட்டறைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நூல் மட்டும் நின்றது. அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்து, கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலார் 1934-இல் ஆங்கிலத்தில் எழுதினார். இன்று பல நாடுகளில் இந்த வில்லை மறுபடி செய்கிறார்கள். துருக்கியின் வில்வித்தை 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

ஆனால் எத்தனை சூடு, எத்தனை ஈரம், விரலில் பசை எப்படி இழுபடவேண்டும் என்பதை ஏடு முழுதும் சொல்லாது. கை அறிந்ததைக் கைதான் கொடுக்க முடியும். அது ஒரு தலைமுறை விட்டுப்போனால், அடுத்தவர் பல வில்லை உடைத்துத்தான் கற்கவேண்டும்.

நான் வேலை பார்த்த காலத்தில், பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிக்க, "முசே, இந்த எழுத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நொத்தேர்களின் கிறுக்கலும் சுருக்கெழுத்தும் பிரெஞ்சு படித்தவர்களுக்கே பிடிபடாது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர். கண்ணும் மங்கி வருகிறது. போன மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சுருக்கங்களை ஒவ்வொன்றாக வரைந்து, பக்கத்தில் பொருள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கூடவே, படிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையையும் தேடுகிறேன். யாராவது இருந்தால், காலை வேளையில் அனுப்புங்கள். அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.