வயது போனவர்தானே

2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே வடமராட்சியிலுள்ள வீடொன்றினுட் கொரோனா புகுந்துவிட்டது. அவ்வீட்டில் ஐவர் இருந்தனர். எழுபத்தொன்பது வயதான அம்மம்மா, அவருடைய மகள், மருமகன், பல்கலைக்கழகம் மூடப்பட்டமையால் விடுதியிலிருந்து வீடு திரும்பியிருந்த இருபத்துமூன்று வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேர்த்தி. ஐவரையும் பற்றியது ஒரே வைரசுதான். எனினும், ஒவ்வொருவரிடத்தும் அது வெவ்வேறு நோயாகவே நடந்துகொண்டது.

முதலிற் படுத்தவன் பேரன். ஊரடங்கு வரப்போகின்றதெனக் கேள்வியுற்றுக் கடைத்தெருவில் நெரிசலினூடே நின்று அரிசியும் மாவும் வாங்கி வந்தவன் அவனே. இரண்டு நாள் காய்ச்சலும் மேல்வலியும் இருந்தன. மூன்றாம் நாட் காலையில், கோப்பி மணக்கவில்லை என்றான். அவ்வளவுதான். பேர்த்திக்கு ஓர் இரவு உடல் சுட்டது. மறுநாட் பிற்பகல் முற்றத்தில் விளையாடத் தொடங்கிவிட்டாள். மகள் இரண்டு தடுப்பூசிகளும் போட்டிருந்தார்; அவருக்கு அது தடிமனாகவே கழிந்தது. மருமகனோ ஐம்பத்தாறு வயதினர், நெடுநாட் சலரோகக்காரர். இரண்டாவது ஊசிக்குரிய நாளில் வெளியூரில் நின்றமையால் அதனைத் தவறவிட்டிருந்தார். ஆறு நாள்கள் வேது பிடித்தும் கொத்தமல்லிக் குடிநீர் குடித்தும் சமாளித்தார். ஏழாம் நாள் கிணற்றடியிலிருந்து விறாந்தைக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அயல்வீட்டில் இரவல் வாங்கிய விரற்கருவி, குருதியில் ஒட்சிசன் 89 வீதமெனக் காட்டவே, அம்புலன்சு வண்டி வந்து அவரை ஏற்றிச் சென்றது.

அந்த அமளியில் அம்மம்மாவை எவரும் கவனிக்கவில்லை எனக் கூறுதல் நியாயமாகாது. கவனித்தனர், கண்டதை வேறாக விளங்கிக்கொண்டனர். அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. சோறு வேண்டாம், கஞ்சியும் வேண்டாம் என்றார். பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் தமையனின் பெயரைச் சொல்லிப் பேரனை அழைத்தார். நடுச்சாமத்திற் படலையைத் திறந்துவிடும்படி கேட்டார். ஒருமுறை கட்டிலருகே விழுந்தார். “வயது போனால் உப்பிடித்தான், தடுமாற்றம்” என்று மகள் தம்மைத் தேற்றிக்கொண்டார். மூன்று நாள்களின் பின்னர், மேசையிற் கிடந்த விரற்கருவியைப் பேரன் ஏதோ எண்ணத்தில் அம்மம்மாவின் விரலில் மாட்டினான். 81 என்று அது காட்டியது.

காய்ச்சலைக் கிருமியின் செயலென்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். உண்மையில் அது கிருமியை எதிர்த்து உடல் செய்யும் செயலாகும். மூத்த உடல் அதனைத் தாமதமாகச் செய்கின்றது. சிலவேளை செய்யாமலே விடுகின்றது. ஆதலின், திடீர் மனக்குழப்பமும் உணவு வெறுப்பும் விழுந்தெழும்புதலுமே முதியோர் பலரிடத்துக் கொரோனாவின் முதற் குறிகளாயின. குருதியில் ஒட்சிசன் வெகுவாகக் குறைந்தபோதும் மூச்சுத்திணறலை உணராத நோயாளரையும் மருத்துவர் கண்டனர். அம்மம்மா தமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது பொய்யன்று.

சிறுவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களது மூக்கின் உட்படலத்துக் கலங்கள் ஏற்கெனவே விழிப்பு நிலையில் உள்ளன. வைரசு நுழைந்தவுடன் இன்ரபெரோன் எனும் பொருளைச் சுரந்து அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றன. வயது ஏற ஏற இவ்விழிப்புக் குறைகின்றது. புதுக் கிருமிகளை எதிர்க்கும் கலங்களை முதிர்விக்கும் தைமசுச் சுரப்பி, இளமை கழியுமுன்னரே சுருங்கத் தொடங்கிவிடும். முதியவரின் குருதியிற் பழைய பகைவரை நினைவிற் கொண்ட கலங்கள் நிறைய உண்டு. முன்பின் அறியாத பகைவனை எதிர்க்கவல்லவை குறைவு. இன்னொன்றும் 2021இல் வெளியான ஆய்வொன்றினாற் புலனாயிற்று. எழுபது கடந்தோருள் ஏறத்தாழ 4 வீதத்தினரிடம், தம் இன்ரபெரோனையே தாக்கியழிக்கும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. கொரோனாவால் இறந்தோரிலோ ஏறத்தாழ ஐந்திலொருவரிடம் அவை இருந்தன. தொடக்கத்தில் வைரசைத் தடுக்கத் தவறிய உடல், காலந் தாழ்த்தி அளவுகடந்து போரிடுகின்றது. அப்போரில் முதலிற் சிதைவது நுரையீரலே.

எல்லாத் தொற்றும் மூப்பையே தேடிச் செல்வதில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். 1918ஆம் ஆண்டின் இன்புளுவன்சா, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமானோரையே வழமைக்கு மாறாகப் பெருந்தொகையிற் கொன்றது. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. கொரோனாவின் கணக்கு அத்தகையதன்று. 2020 பெப்ரவரியிற் சீனம் வெளியிட்ட 44,672 நோயாளர் பற்றிய அறிக்கையிற் பத்து வயதிற்குட்பட்டோர் ஒருவரேனும் இறக்கவில்லை. எண்பதும் அதற்கு மேலும் ஆனோரில் 14.8 வீதத்தினர் இறந்தனர். தடுப்பூசி வருமுன் மேலைநாடுகளிற் குருதிப் பரிசோதனைகளைக் கொண்டு கணித்தோர், தொற்றுற்ற 10,000 பேரில் இறப்போர் இருபத்தைந்து வயதில் ஒருவர், ஐம்பத்தைந்தில் நாற்பதின்மர், எழுபத்தைந்தில் 460 பேர் என மதிப்பிட்டனர். ஏறத்தாழ ஆறாண்டுக்கொருமுறை ஆபத்து இரட்டிக்கின்றது என்பது இதன் பொருள்.

சிறுவர் முற்றாகத் தப்பினர் என்பதுமில்லை. தொற்று மாறி இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், இதயம் உட்படப் பல உறுப்புகளும் அழற்சியுறும் அரிய நோயொன்று சிறுவர் சிலரைத் தாக்குவதை 2020 ஏப்பிரலிற் பிரித்தானிய மருத்துவர் எச்சரித்தனர். இளைஞர் பலருக்கோ, உயிர் ஆபத்தின்றிக் களைப்பும் மணமின்மையும் மாதக் கணக்கில் நீடித்தன.

2021 மே மாத இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்திற்குச் சைனோபாம் தடுப்பூசி வந்தது. வந்த தொகை போதாது. நிலையங்களில் நீண்ட வரிசைகள். மகள் தாயாரையும் அழைத்தார். “நான் படலைக்கு வெளியாலை போறேல்லை. வெளியாலை போறாக்கள் முதலிலை போடட்டும், பிள்ளை” என்றார் அம்மம்மா. வீட்டாருக்கும் அது சரியெனவே பட்டது. அவர்களை நோக மனம் வரவில்லை. அரசுகளே இதில் ஒருமனப்படவில்லை. பிரித்தானியா 2020 டிசெம்பரில் மிக மூத்தோரிலிருந்து தொடங்கியது. இந்தோனேசியாவோ 18 முதல் 59 வயது வரையானோரையே தொடக்கத்தில் முற்படுத்தியது. நடமாடுவோரைக் காத்தால் நோய் வீட்டிற்குள் வராது என்பது அதன் நியாயம். வடமராட்சி வீட்டில் அம்மம்மா படலையைத் தாண்டவில்லை. நோய் அரிசிப் பையோடு அவரிடம் வந்தது.

வைத்தியசாலையில் நான்கு நாள்கள் இருந்து அவர் இறந்தார். முத்திரையிட்ட பெட்டி வீட்டிற்கு வராமலே மயானத்திற்குச் சென்றது. அந்நாள்களில் அரச தகவல் திணைக்களம் நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் மூன்று நிரல்கள் இருந்தன: 30 வயதிற்குக் கீழ், 30 முதல் 59 வரை, 60உம் அதற்கு மேலும். இந்நாட்டிற் கொரோனாவால் இறந்த 16,800க்கும் மேற்பட்டோரிற் பெரும்பாலோர் மூன்றாம் நிரலுக்குரியோரே. அறிக்கையை வாசித்தோரின் கண் முதல் நிரலில் நின்று திடுக்குற்றது. மூன்றாவதைக் கடந்து சென்றது. படலையடியில் நின்று துக்கம் விசாரித்த அயலவரும் முதலில் வயதையே கேட்டனர். எழுபத்தொன்பது என்றதும், “வயது போனவதானே” என்றனர். ஆறுதலாகவே சொன்னார்கள், தவறாக எண்ணுவதற்கில்லை.

ஆயினும் அச்சொல் செய்யும் வேலையைச் சற்று நோக்குதல் வேண்டும். ஆறாண்டுக்கொருமுறை இரட்டிக்கும் எண், யாரை முதலிற் காக்க வேண்டும் என்பதற்காகக் கணிக்கப்பட்டது. அவ்வெண்ணே மறுபுறமாகத் திரும்பி, இழப்பைச் சிறிதாக்கும் நியாயமாகிவிட்டது. எழுபதை எட்டிய பெண்ணொருத்திக்கு இந்நாட்டிற் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேற்பட்ட வாழ்நாள் எஞ்சியிருக்கும். இறப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன், ஆடிப்பிறப்பன்று அவ்வீட்டிற் கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை பிடித்தவர் அம்மம்மாவே. வயது போனவர் என்பது ஊசியின்போது அவரைப் பின்னே நிறுத்தியது. நோயின்போது நோயை மறைத்தது. இறந்தபின் இறப்பையும் மறைக்கப் பார்த்தது.

மருமகன் பத்தொன்பது நாள்கள் கழித்து மெலிந்து வீடு திரும்பினார். நோயை யார் கொண்டுவந்தது என்ற கேள்வியை அங்கு எவரும் எழுப்பவில்லை. பேரன் மட்டும் சில காலம் கடைக்குச் செல்ல மறுத்தான். அந்தியேட்டி முடிந்த மறுநாள் மகள் தாயாரின் பெட்டகத்தைத் திறந்து சேலைகளை வெளியே எடுத்தார். ஒன்றை முகத்தோடு அணைத்து, “அம்மாவின்ரை மணம் அப்பிடியே நிக்குது, பார்” என்று மகனிடம் நீட்டினார். அவனும் வாங்கி முகர்ந்தான். “ஓம் அம்மா” என்றான். அவனுக்கு அப்போதும் எதுவும் மணக்கவில்லை.