குளிச்சாச்சா? ஆய்க்குடிக்கு வாங்க!

குற்றாலம் சீசனுக்குக் கிளம்புகிற ஆபீஸ் கோஷ்டியின் டைம்டேபிள் நமக்கு மனப்பாடம். மெயினருவி, பார்டர் புரோட்டா, குட்டித் தூக்கம், ஐந்தருவி, மறுபடி புரோட்டா. தப்பே இல்லை, லீவு போட்டதே அதுக்குத்தானே! ஆனால் தலை துவட்டின கையோடு ஒரு அரை நாளை ஒதுக்குங்கள்.

தென்காசியில் பஸ் ஏறினால் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் ஆய்க்குடி. ஜன்னல் சீட் பிடிப்பது உத்தமம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கடல். அங்கே கிளம்புகிற காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து நம்ம சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கும்.

1992-ல் வந்த 'ரோஜா' புண்ணியத்தில் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்கக் கூட்டம் அம்முகிறது. ஆய்க்குடியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முருக பக்தர்கள்தான். இங்கே முருகன் பாலகன். வேண்டுதல் பலித்தவர்கள் அனுமன் நதிப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்றுவார்கள். இலை கிடையாது, தட்டு கிடையாது. வாண்டுகள் படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும். பெயர், படிப் பாயசம்!

ஊர் ரொம்பப் பழசு. வள்ளல் ஆய் அண்டிரனின் ஆய்குடியைப் புறநானூறு பாடுகிறது. "அது நம்ம ஊருதான் சார்" என்கிறார்கள் இங்கே. பொதிகை மலையை எதிரே வைத்துக்கொண்டு யார் மறுத்துப் பேசுவது? பாடிய புலவரின் பெயரைக் கவனியுங்கள்: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். உடற்குறை உள்ளவர் என்று பெயரே சொல்கிறது. இப்போது அமர் சேவா சங்கத்தின் வாசலுக்கு வாருங்கள்.

இதே ஊர்ப் பையன் ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவர். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்தகுதிச் சோதனையில் குதித்தபோது கழுத்தில் அடி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வயசு? உங்கள் ரூம்மேட் வயசுதான். ஊருக்குத் திரும்பியவர், 1981-ல் ஒரு கீற்றுக் கொட்டகையில், ஐந்து பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்தார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அதற்கு வைத்தார். 1992-ல் தோள் கொடுக்க வந்தார் சங்கரராமன். ஆடிட்டர், தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ.

கொட்டகை இருந்த இடத்தைத் தேடாதீர்கள். பள்ளிக்கூடம், பிசியோதெரபி, தொழிற்பயிற்சி என்று பெரிய வளாகமே வளர்ந்து நிற்கிறது. இங்கே நம்ம கண்ணில் படுவது தரைதான். சக்கரம் போகிற மாதிரி சரிவுகள். நம்ம ஆபீஸ் வாசலில் எத்தனை படி என்று இங்கே வந்துதான் எண்ணத் தோன்றுகிறது.

முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். 'உச்' கொட்டுகிற பழக்கம் இருந்தால் அதைப் பஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். இங்கே எல்லாருக்கும் வேலை இருக்கிறது. எதிரே சக்கர நாற்காலியில் வேகமாக வந்த ஒரு தம்பி என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி:

"அருவியில தண்ணி எப்படிண்ணே? நாளைக்கு வரலாமா?"